கடல்பாசி மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். "ஏனுங்க, கேன்சர் பரவாம நிறுத்தற கடல்பாசி மாத்திரை வந்திருக்குதாமா, வாங்கித் தர முடியுமுங்களா?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அடியோடு பொய் என்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புற்றுநோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது முதலில் வந்த கட்டி அல்ல. அங்கிருந்து கிளம்பிய செல்கள் நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று போய் உட்காருவதுதான். அவை வெளியேற வேண்டுமானால் திசுவைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற புரதத்தால் ஆன மெல்லிய சவ்வைத் தாண்ட வேண்டும். மாடு மேயும் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கிறதே, அந்த மாதிரி. அந்த வேலியை வெட்டித் தருபவை எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற நொதிகள். கெட்டதற்கென்றே பிறந்தவை இல்லை. புண் ஆறவும் புது ரத்தக்குழாய் முளைக்கவும் இவை வேண்டும். இந்தக் குடும்பத்தின் முதல் நொதியை 1962-ல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாபியேர் இருவரும் தலைப்பிரட்டையின் வாலில்தான் கண்டுபிடித்தார்கள். வால் கரைந்து தவளையாவதற்கே இந்த நொதி வேலை செய்தாக வேண்டும்.

சரி, கடல்பாசி எங்கே வருகிறது? பழுப்புப் பாசிகளில் ஃபுளோரோடானின், ஃபுக்கோய்டன் என்ற பொருட்கள் உண்டு. கொரியாவில் எக்லோனியா காவா என்ற பாசியின் சாற்றை மனிதப் புற்றுசெல்களில் போட்டுப் பார்த்தபோது இந்த நொதிகளின் வேகம் குறைந்தது. இதை அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெலட்டின் கலந்த தகட்டுக்கு நீலச் சாயம் ஏற்றினால், நொதி தின்ற இடம் மட்டும் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். நொதி குறைந்தால் பட்டையும் மங்கிவிடும். நம் மண்டபம், ராமேஸ்வரம் கரையில் கிடைக்கும் கட்டக்கோரையும் பக்கோடா பாசியும்கூடப் பழுப்புப் பாசிகள்தான். அல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுக்கத்தான் அவை அதிகம் போகின்றன. அவற்றை இந்தக் கண்ணோடும் ஆழமாகப் பார்க்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் தகட்டில் மங்கிய பட்டையைக் காட்டி நோயாளியிடம் காசு வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. 1990-களில் இதே நொதிகளை அடக்குவதற்கென்றே மாரிமாஸ்டாட் என்ற மருந்தைச் செய்தார்கள். நொதியின் நடுவில் இருக்கும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி அளவெடுத்துச் செய்த மருந்து. பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை; பலருக்கு மூட்டுவலிதான் மிஞ்சியது. இதே வகையில் டானோமாஸ்டாட் என்ற இன்னொரு மருந்தை ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுத்தபோது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களின் நிலை மோசமானது. சோதனையையே நிறுத்தினார்கள். நல்லது செய்கிற நொதிகளையும் சேர்த்து அடக்கியது ஒரு காரணம். ஏற்கனவே பரவி முடிந்தவர்களுக்குக் கொடுத்தது இன்னொரு காரணம். அப்படியிருக்க, எந்தப் பாசி, எவ்வளவு சாறு என்றுகூட எழுதாத டப்பாவை நம்பி எப்படிக் கொடுப்பது? ஈரோட்டு மஞ்சள் விளைகிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத்தில் எத்தனையோ செய்கிறது. வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம்.

சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று சொல்கிறவர்கள் இதைக் கேளுங்கள். பழுப்புப் பாசியில் அயோடின் மிக அதிகம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன் உணவிலேயே அயோடினைக் குறைக்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டால் சிகிச்சையின் பலனே குறையும். ஃபுக்கோய்டனுக்கு ஹெபாரின் என்ற மருந்து மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் அது ஆபத்தாகலாம்.

அப்புறம், வயலுக்குத் தெளிக்கிற கடல்பாசிச் சாறும் இதுவும் ஒன்றுதானே என்று ஒரு பெரியவர் கேட்டார். அது பயிருக்கு. தயவுசெய்து யாரும் குடித்துவிடாதீர்கள்.

கீமோவையோ, கரண்ட் வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சையையோ பாதியில் நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள். ஏற்கனவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் டப்பாவை எடுத்துப்போய் உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.