கோழி ஒரே இரவில் செத்தால் விஷம்தான் என்பது தவறு

நோய் என்றால் கோழி நாலு நாள் படுத்துத்தான் சாகும், ஒரே இரவில் செத்தால் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் இராணிக்கெட் நோய் கடுமையாகத் தாக்கினால், அறிகுறியே காட்டாமல் இரவோடு இரவாகக் கொன்றுவிடும்.

சென்னை கொடுங்கையூரில் எங்கள் வீட்டில் ஏழு கோழிகள் மூன்று நாளில் இப்படித்தான் போயின. விஷம் வைத்தார் என்று நினைத்து, அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சையே நிறுத்திவிட்டார். கடைசியாக மிஞ்சிய பெட்டை கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. பின்பக்க இறகில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாக ஒட்டிக் காய்ந்திருந்தது. பரிசோதனையில் வெள்ளைக்கழிச்சல் என்றார்கள். அந்த அக்காவிடம் அம்மா மன்னிப்புக் கேட்டார்.

திடீர்ச் சாவுக்குக் காரணம் வெயில், விஷம், பறவைக்காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். வெளியே பார்த்து முடிவுகட்ட முடியாது. செத்ததைச் சமைக்காதீர்கள், கால்வாயில் வீசாதீர்கள். கையுறை போட்டு இரண்டு பைகளில் கட்டி, ஐஸ் மேல் வையுங்கள், உறையவிடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டு, அன்றே சென்னையில் மாதவரம் அல்லது வேப்பேரியில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக வளாகத்தில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் தூள் இதைக் குணப்படுத்தாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் தடுப்புச் சொட்டுமருந்து, எட்டாம் வாரம் தடுப்பூசி, காப்பாற்றுவது இவைதான்.