சைக்கிள் மறக்கவில்லை, எழுத்து மறந்துவிட்டது

கேரளாவில் 96 வயதுப் பாட்டி ஒருவர் எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 வாங்கிய படம் மாதம் ஒருமுறையாவது என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது. கீழே 'வயசு வெறும் எண்தான்' என்று ஒரு வரி, ரெண்டு கைகூப்பு. அனுப்புகிறவர்களில் சிலரை எனக்கு நன்றாகத் தெரியும். சொந்த அம்மா "நானும் ஒரு வகுப்புக்குப் போறேன்டா" என்றால், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா, சும்மா டிவி பாரேன்" என்று சொல்லக்கூடியவர்கள். அடுத்த வீட்டுப் பாட்டி படித்தால் சாதனை, நம் வீட்டுப் பாட்டி படித்தால் வேலையத்த வேலை. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991இல், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தபோது ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். தொண்டராகச் சேர்ந்துகொண்டேன். சம்பளம் கிடையாது. ராத்திரி ஏழரைக்கு மேல், பெண்கள் சமைத்து இறக்கி வைத்துவிட்டு வந்த பிறகு, கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். படிப்போடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். ராத்திரி 'ப' எழுதிய பெண்கள் மறுநாள் பொட்டலில் குரங்குப் பெடல் போட்டார்கள். லேடீஸ் சைக்கிள் எல்லாருக்கும் எங்கே கிடைக்கும்? பார் வைத்த சைக்கிள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசாத பேச்சில்லை.

என் வகுப்பில் ஒரு அக்கா இருந்தார். அப்போது 34 வயது இருக்கும். கல்குவாரியில் வேலை. குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட ஆரம்பித்திருந்த நேரம் அது. எத்தனை லோடு போனது என்று எழுதி வைக்காவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்பதால் எண்களைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். எழுத்தும் பின்னாலேயே வந்தது. சைக்கிளில் முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணிக் குடம் என்று அவர் போவதைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும்.

அப்புறம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போன வருஷம் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். அக்காவுக்கு இப்போது 68. பேச்சுவாக்கில் ஒரு நோட்டைக் கொடுத்து ஏதாவது எழுதச் சொன்னேன். தன் பேரை எழுதினார், கோலத்துக்கு இழை இழுப்பதுபோல. அதில் இருக்கும் ஒரு எழுத்தைத் தனியாகக் காட்டி இது என்ன என்று கேட்டேன். தெரியவில்லை.

"எல்லாம் மறந்து போச்சு டீச்சர்."

"சைக்கிளு?"

"முட்டி வலி வர்ற வரைக்கும் ஓட்டுனேன். இப்பவும் ஏத்தி விடுங்க, ஓட்டிருவேன்."

ரெண்டு நாளைக்கு இது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டையும் அவர் கற்றது ஒரே வருஷத்தில். சைக்கிள் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடியவில்லை. எழுத்தோ, கற்றுக்கொடுத்த நாங்கள் கைதட்டிச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போன பிறகு அவர் கண்ணெதிரே வரவே இல்லை. வீட்டில் படிக்க ஒரு துண்டுத் தாள் கிடையாது. பின்னால், கற்றது மறக்காமல் தொடர்ந்து படிக்க வளர்கல்வி மையங்கள் என்று திறந்தார்கள், நல்ல யோசனைதான். ஆனால் நான் பார்த்த ஒன்றில் முதலில் பேப்பர் நின்றது, அப்புறம் ஆள் நின்றது, கடைசியில் சாக்கு அடுக்கும் அறையாகிவிட்டது.

வயதானால் மண்டையில் ஏறாது என்பதை 34 வருஷம் வகுப்பெடுத்த அனுபவத்தில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேகம் குறையும், அது உண்மை. புதுப் பேர் நிற்க நேரமாகும். ஆனால் சொற்களும் அனுபவ அறிவும் அவ்வளவு லேசில் தேய்வதில்லை. ஏற்கனவே தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட்டால் புதியது நின்றுவிடும். முடிச்சுப் போடுவதுதான் சொல்லிக்கொடுப்பவரின் வேலை.

அந்த வேலையில் நானே சறுக்கினேன், சொல்லிவிடுகிறேன். தை மாதம் என் வீட்டுத் திண்ணையில் வகுப்பு ஆரம்பித்தேன். ஒன்பது பேர். கையில் கிடைத்த ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து 'ஆடு, இலை' என்று தொடங்கினேன். ஒரு பெரியவர், நாற்பது வருஷம் ஆடு மேய்த்தவர், அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ஆடுன்னு எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் இன்றுவரை வரவில்லை. அவர் பக்கம்தான் நியாயம்.

இன்னொரு தப்பும் உண்டு. ஒரு அம்மாவுக்கு ஒரு மாதமாக எதுவுமே ஏறவில்லை என்று மனதுக்குள் 'இவங்களுக்கு வராது' என்று எழுதிவிட்டேன். ஒரு நாள் மதியம் வாசலில் வெயிலில் உட்கார்ந்து அதே பக்கத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். கண்ணில் புரை. கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இப்போது ராத்திரி வகுப்பே வைப்பதில்லை. காலை பதினோரு மணி, வாசல் வெளிச்சம், எழுத்து கட்டை விரல் பெரிசுக்கு. காதில் சரியாக விழாதவர்கள் என் முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்காருவார்கள்.

புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு தாள் கொண்டுவரச் சொன்னேன். உங்கள் வீட்டில் இருக்கிற, என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள நினைக்கிற தாள். மறுநாள் வந்ததைப் பாருங்கள்: பட்டா, கரண்டு பில் அட்டை, ரேஷன் கார்டு, செத்துப்போன புருஷன் எழுதிய ஒரு பழைய இன்லண்ட் லெட்டர் (அதை முதலில் நான் படிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்). நம் அக்கா கொண்டுவந்தது பேங்க் பாஸ்புக்.

முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் அதில் வருகிறது. எடுத்துக்கொண்டு வருவது மகன். எண்கள் அக்காவுக்கு மறக்கவில்லை, கல்லுக்கு நன்றி. விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். ஒரு இடத்தில் நின்றது. "இதென்ன 20?" வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் மத்திய அரசு விபத்துக் காப்பீடு. சொன்னேன். "யாரைக் கேட்டுப் பிடிச்சாக?" மகன்தான் எங்கோ கையெழுத்து வாங்கியிருக்கிறார். கோலம் மாதிரிப் போட்ட அதே கையெழுத்து. காப்பீடு நல்லதுதான் என்று நான் விளக்கினேன், அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் அன்று வீட்டில் ஒரு சத்தம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். மகன் என்னைப் பார்த்தால் இப்போது சரியாகப் பேசுவதில்லை.

முதியோர் கல்வி என்றாலே நாம் ஏன் அதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறோம் என்பதற்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பஜனை கற்றுக்கொண்டால் வீட்டில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பாஸ்புக் படித்தால் கேள்வி வரும்.

டவுனிலும் இதே கதைதான், கொஞ்சம் வசதியாக. மூத்த குடிமக்கள் சங்கம் என்றால் யோகா, சர்க்கரை நோய்ப் பேச்சு, சுண்டல். எல்லாரையும் நோயாளியாகவே பார்ப்பது. பிரான்சில் துலூஸ் நகரத்தில் 1973இல் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று ஓய்வு பெற்றவர்களுக்காக ஆரம்பித்தார்கள். பிரிட்டனுக்கு 1980களின் தொடக்கத்தில் அது போனபோது பேராசிரியர் எல்லாம் வேண்டாம், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. எங்கள் தெருவிலேயே ரிட்டயர்டு லைன்மேன் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், நாதஸ்வரக்காரர் இருக்கிறார். யாரிடமும் யாரும் எதையும் கேட்பதில்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் எந்த வயதினரும் சேரலாம். தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50. தேர்வு வைப்பதை நான் ஆதரிக்கிறேன். வயதானவர்களுக்குப் போய்ப் பரீட்சையா என்று பரிதாபப்படுகிறவர்கள், ரிசல்ட் அன்று அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. என் குறை, அதற்கு அடுத்த படி எங்கே என்பதுதான். வாட்ஸ்அப் படத்தில் இருக்கும் கார்த்தியாயினி அம்மா 2018இல் எழுதியது முதல் படி. கேரளாவில் அதற்கு மேல் நான்காம் வகுப்பு, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று சமநிலைத் தேர்வுகள் வரிசையாக உண்டு. கொல்லம் பக்கத்து பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புக்கான தேர்வில் 275க்கு 205 வாங்கினார். அந்தப் பாட்டியைக் கொண்டாடுங்கள், கூடவே அவர் ஏறிய படிக்கட்டைக் கட்டியவர்களையும் கொஞ்சம் பாருங்கள். நம் ஊரிலும் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. ஆனால் இப்போதுதான் 'அம்மா' என்று எழுதக் கற்றவரை அதுவரை கூட்டிப்போக ஆளைக் காணோம்.

அக்கா இப்போது கேட்பது எட்டாம் வகுப்பு இல்லை, ஏபிசிடி. பாஸ்புக்கில் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷ். போன் இங்கிலீஷ். மாத்திரை அட்டை இங்கிலீஷ். "தமிழ் மட்டும் சொல்லிக்குடுத்தா நான் யாருகிட்ட டீச்சர் படிக்கிறது?" என்றார். திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, சரி என்று பெரிய எழுத்து இருபத்தாறையும் ஆரம்பித்தோம்.

போன வாரம் ரெண்டு மாத்திரை அட்டைகளோடு வந்தார். ஒன்று மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பது. இன்னொன்று மகள் ஊரில் ஒரு டாக்டர் எழுதிக் கடையில் வாங்கியது. நிறம் வேறு, அட்டை வேறு. கடை அட்டையில் பெரிசாக ஒரு பேர், அதன் கீழே இன்னொன்று. அந்தக் கீழ் வரியில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: "எம்மு, ஈ, டி..." அப்புறம் அரசாங்க அட்டையைத் திருப்பினார். "எம்மு, ஈ, டி..." கடைசி எழுத்து வரைக்கும் போனார்.

"டீச்சர், ரெண்டுலயும் ஒரே பேருதான இருக்கு?"

ஆமாம் அக்கா.

"அப்ப நாலு மாசமா ரெண்டையும் சேத்துல்ல முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இப்போதே கிளம்புங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுவோம் என்று செருப்பை மாட்டினேன். அவர் நிதானமாக ரெண்டு அட்டையையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். போகிற வழியில் நான் நர்ஸிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நீங்க சும்மா கூட வாங்க டீச்சர். நான் பேசிக்கிறேன்."