ஊட்டி பீட்ரூட்டில் ஆய்வகச் சாயம் இல்லை

"ஊட்டி பீட்ரூட்டுக்கு ரோடமின் பி ஊசி போடுகிறார்கள், நறுக்கினால் கை சிவப்பது அதனால்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அது பீட்டானின் என்ற இயற்கை நிறமி. ஊட்டி பக்கத்திலுள்ள கேத்தித் தோட்டத்தில் பிடுங்கிய கையோடு நறுக்கினாலும் வளையம் வளையமாக அதே சிவப்புதான்.

ரோடமின் பி செயற்கைச் சாயம். பச்சை ஒளியை வாங்கி ஆரஞ்சாக ஒளிரும். அதனால்தான் ஆய்வகத்தில் ஆராமின் என்ற இன்னொரு சாயத்தோடு சேர்த்துக் காசநோய்க் கிருமிகளுக்கு நிறமேற்றுகிறார்கள். நுண்ணோக்கியில் கரும்பின்னணியில் அவை பளிச்சென்று தெரியும். உணவில் அதற்கு அனுமதியில்லை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டது அதில் இந்தச் சாயம் இருந்ததால்தான். அந்த உண்மைச் செய்தியை வைத்து மலை விவசாயியின் வயிற்றில் அடிப்பது அநியாயம்.

சந்தேகமா? சரி, பீட்ரூட் சாற்றில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பாருங்கள். பீட்டானின் மஞ்சளாகிவிடும்; ரோடமின் பி இளஞ்சிவப்பாகவே நிற்கும்.