15 பவுண்டு மரக்கரண்டி

விடுமுறைக்கு வாடகை பிடித்துத் தங்கிய வீட்டின் மரக்கரண்டி மஞ்சளாகிவிட்டதாம். அதற்கு 15 பவுண்டு பிடித்துக்கொண்டுதான் முன்பணத்தைத் திருப்பித் தருவார்களாம். காலையில் பல் துலக்கிக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்தவன், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். படம் வேறு இணைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணி விரித்து, கரண்டியை அதன்மேல் கிடத்தி, பக்கத்தில் ஓர் அளவுகோலும் வைத்து! கொலை வழக்கில்கூட இவ்வளவு சிரத்தையாகத் தடயம் எடுக்க மாட்டார்கள்.

செல்ஃப் கேட்டரிங் என்றால் என்னவென்று இந்த ஆகஸ்டில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. வீட்டில் இருக்கும் குக்கர், தாளிக்கும் கரண்டி, தலையணை, போர்வை, துண்டு எல்லாவற்றையும் காரில் திணித்துக்கொண்டு லண்டனிலிருந்து நார்ஃபோக் கடற்கரை வரை ஓட்டிப் போக வேண்டும். அங்கே இன்னொருவர் வீட்டில் சமைத்து, கழுவி, பெருக்கி, துடைத்து, குப்பையையும் பிரித்துப் போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும். இதற்கு வாரத்துக்கு 900 பவுண்டு. துப்புரவுக் கட்டணம் தனி. நாம் துடைத்ததை வந்து பார்வையிடும் கூலி போலிருக்கிறது.

பள்ளி நாட்களில் போனால் பாதி விலைதான். ஆனால் அதற்காகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் 2024 ஆகஸ்டிலிருந்து பிள்ளை ஒன்றுக்குத் தாய்க்கு 80, தகப்பனுக்கு 80 பவுண்டு அபராதம். 21 நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு. நாம் பள்ளி விடுமுறையான ஆகஸ்டில்தான் வருவோம் என்று வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கும் தெரியும்.

நாங்கள் தங்கிய வீட்டுக்கு விளம்பரத்தில் பெயர் ஷாலே, அதாவது விடுமுறைக் குடில். ஆறு பேர் தங்கலாம். சோபாவைக் கட்டிலாக இழுத்துப் போட்டால் ஆறு பேர். இழுத்துப் போட்டபின் குளியலறைக் கதவு திறக்காது. அவித்த முட்டையை நிற்கவைக்கும் கிண்ணம் எட்டு இருந்தது. ஒயின் கோப்பை ஆறு. கத்தியும் இருந்தது, வெண்ணெயை மிரட்டும் அளவுக்கு.

இருக்கட்டும். கரண்டி எப்படி மஞ்சளாயிற்று என்று சொல்கிறேன்.

அங்கே மின்சாரம் காசு போட்டால்தான் வரும். வாசலை ஒட்டிய அலமாரிக்குள் மீட்டர். அது பழைய வட்ட ஒரு பவுண்டுக் காசை மட்டுமே விழுங்கும். 2017 அக்டோபர் 15ஆம் தேதியோடு செல்லாமல் போன காசு! என் இளைய மகள் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. இப்போதைய பன்னிரண்டு பக்கக் காசு அதைவிட அகலம். குத்தினாலும் கெஞ்சினாலும் துளைக்குள் நுழையாது. உரிமையாளர் பெருந்தன்மையாக ஓர் உறையில் ஐந்து பழைய காசு வைத்திருந்தார். மேலும் வேண்டுமானால் வளாக அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். சாவி கிடைப்பதே நான்கு மணிக்கு.

ஐந்து காசையும் போட்டேன். பிள்ளைகள் குளித்தார்கள். குக்கரில் பருப்பு வெந்தது. புளி கரைத்து, மஞ்சள்தூள் போட்டு, முருங்கைக்காயும் போட்டுச் சாம்பார் கொதிக்கும் நேரம், இரவு எட்டே முக்காலுக்கு, அலமாரிக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். மொத்த வீடும் இருண்டது. காருக்குள், இருக்கைக்கு அடியில், கைப்பைகளின் அடியாழத்தில் எல்லாம் கைபேசி வெளிச்சத்தில் காசு தேடினோம். 2017க்கு முந்தைய காசு யார் பையில் இருக்கும்?

பக்கத்துக் குடில் கதவைத் தட்டினேன். ஒரு பெரியவர். முப்பது ஆண்டாக வருகிறாராம். ஜாம் புட்டி நிறைய வட்டக் காசு வைத்திருந்தார். அந்தப் புட்டியைப் பார்த்தபோது குபேரனைப் பார்த்தது போல இருந்தது. மூடியைத் திறந்து, ஒரே ஒரு காசை எடுத்து, விளக்கொளியில் இருபுறமும் பார்த்து, என் உள்ளங்கையில் வைத்தார். பதிலுக்கு என் புதுக் காசை வாங்கிக்கொண்டார். இன்னொன்று கேட்க நாக்கு வரவில்லை.

ஓடிவந்து போட்டேன். விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் எங்களுக்குத் தெரியாமல் வெந்நீர்த் தொட்டி ஒரு மூலையில் தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சாம்பார் நுரைகட்டி, இதோ பொங்கப்போகிறது என்ற கணத்தில் மறுபடி ‘டக்’. சட்டிக்குள் கரண்டியோடு என் மனைவி இருட்டில் நின்றாள். “ரொட்டி இருக்கிறது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கரண்டியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இரவு முழுக்க அது மஞ்சள் சாம்பாரில் ஊறியது.

மறுநாள் ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருந்த மனிதர் கேட்கிறார்: “நேற்றே வந்து வாங்கியிருக்கலாமே?”

மஞ்சள் கறையை வெயிலில் வைத்தால் தானாக வெளுத்துவிடும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். நானும் வைத்தேன். ஜன்னல் விளிம்பில் ஐந்து நாள், வடகடலைப் பார்த்தபடி. வெயில் வந்தால்தானே!

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். சற்று வடக்கே ஹேஸ்பரோ என்று ஓர் ஊர் (ஆங்கிலத்தில் எழுதியிருப்பதற்கும் சொல்வதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை). அதன் கடற்கரையில் 2013இல் எட்டு லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய கால்தடங்கள் கண்டெடுத்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக நடந்துபோன தடம். அவர்களையும் பத்து மணிக்குள் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். இன்னொரு பக்கம் ஹெம்ஸ்பி என்ற ஊரில் கரை அரித்து அரித்து 2018இலும் 2023இலும் வீடுகளையே இடிக்க வேண்டியதாயிற்று. கடல் வீட்டைக் கொண்டுபோகும் கரையில் உட்கார்ந்துகொண்டு, இவர்கள் மரக்கரண்டியின் நிறத்தை அளக்கிறார்கள்.

பதில் கடிதம் நான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். ஐந்தாவதை மனைவி படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். கரண்டிக்குப் பக்கத்தில் அளவுகோல்! பதினொன்றரை அங்குலமாம்.

அது போகட்டும். திரும்பி வந்து பார்த்தால் என் கறிவேப்பிலைச் செடி பட்டுக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றும்படி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், “நல்ல காற்று படட்டும்” என்று ஒரு வாரம் முழுக்க வெளியே வைத்திருக்கிறார். மூன்று குளிர்காலம் சமையலறை ஜன்னலில் பொத்திப் பொத்தி வளர்த்த செடி. அதை எந்த அளவுகோல் வைத்துப் படமெடுத்து யாருக்கு அனுப்புவது?