பாகு மணல்மணலாகப் பூத்தால் அது கலப்படச் சர்க்கரை அல்ல

வேர்க்கடலையைச் சர்க்கரைப் பாகில் கிளறும்போது வெள்ளையாகப் பூத்துவிட்டால் சர்க்கரையில் சாக்பீஸ் தூள் கலந்திருக்கிறது, அப்படியே கொட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. சுத்தமான சர்க்கரையும் அப்படித்தான் பூக்கும். பெங்களூரு பசவனகுடியில் நடக்கும் கடலைத் திருவிழாவான பரிஷெயில் ஆசையாக வாங்கிவந்த கடலையை இதற்காக யாரும் வீணாக்க வேண்டாம்.

2 கப் கடலை, 1 கப் சர்க்கரை, கால் கப் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றியபின் கிளறக் கிளற, கரைந்திருந்த சர்க்கரை மறுபடி பொடிப்பொடியாகப் பிரிந்து கடலைமேல் ஒட்டும். பலர் பயந்து அடுப்பை அணைப்பது இந்த இடத்தில்தான். அணைக்காமல் தீயைக் குறைத்து, கை விடாமல் புரட்டுங்கள். வாணலியின் அடியில் முதலில் தேன் நிறத்தில் ஒரு கசிவு தெரியும். கடலையை அதிலேயே புரட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் வெள்ளை மறைந்து பளபளப்பு ஏறும். அடி கனமான வாணலி நல்லது. தீ அதிகமானால் பொடி உருகுவதற்குள் அடியில் இருப்பது கருகிக் கசந்துவிடும். பளபளப்பு ஏறிய உடனே நெய் தடவிய தட்டில் கொட்டி, கரண்டியால் பிரித்துவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? பொட்டலத்திலிருந்து 2 ஸ்பூன் சர்க்கரையைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிச் சற்று நேரம் அசைக்காமல் வையுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வீட்டுச் சோதனையாகச் சொல்வதும் இதுதான். சாக்பீஸ் தூள் இருந்தால் கரையாமல் அடியில் படியும். நல்ல சர்க்கரை முழுக்கக் கரைந்துவிடும். அதே சர்க்கரையில் பாகு காய்ச்சிக் கிளறிப் பாருங்கள், அதுவும் வெள்ளையாகப் பூக்கும்.