"போறேன்" என்று சொன்னது ஒரு குற்றமா?

கடலூர் மஞ்சக்குப்பம் மண்டபத்தில் தன் எண்பது நிறைவு விழாவில் ஐயா பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைத்த தாளை மேடையிலேயே படித்து, எல்லோரிடமும் விடைபெற்றார். அதற்குப் பிறகு அவருடைய சொந்தங்களே பரப்பிய பேச்சுதான் நெஞ்சை அறுக்கிறது. "பெருசு மேடையில தற்கொலைக் கடிதம் படிச்சிடுச்சு."

அது தற்கொலைக் கடிதம் இல்லை. மீளவே முடியாத கட்டத்துக்கு உடம்பு போனபின் எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்று, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கும் மருத்துவ உயில் (லிவிங் வில்). 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்று இருந்ததால் பலருக்கும் அது எட்டாத வேலையாக இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். ஒரு நகல் குடும்ப டாக்டருக்கு, ஒன்று நகராட்சி அல்லது பஞ்சாயத்தில் இதற்கான அதிகாரிக்கு. நமக்காக முடிவு சொல்லப் போகிறவர் பெயரையும் எழுத வேண்டும். ஒரே பெயர் போதாது. அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வது? இரண்டு பெயர் எழுதுங்கள்.

ஐயா இத்தனையும் செய்திருக்கிறார். செய்துவிட்டு, மனைவிக்கு நன்றி சொன்னார். நிலத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பியிடம் மன்னிப்புக் கேட்டார். கடைசியாக "போறேன்" என்றார். நம் வீடுகளில் அந்தச் சொல் ஆகாது. கடைக்குக் கிளம்புகிறவன்கூட "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் உறுத்தியது அந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன்.

"அதுக்கென்ன அவசரம், கடைசி நேரத்துல சொல்லிக்கலாமே?" என்று கேட்கிறார்கள். கடைசி நேரத்தில் எப்படிச் சொல்வது? வெண்டிலேட்டர் குழாய் வாய்வழியாகக் குரல்நாண்களுக்கு நடுவே இறங்கி மூச்சுக்குழாய்க்குள் நிற்கிறது. அது உள்ளே இருக்கும்வரை ஒரு சொல்கூட வராது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று மயக்க மருந்து கொடுப்பார்கள், பல இடங்களில் கையைக் கட்டியும் வைப்பார்கள். ஒன்றிரண்டு வாரம் தாண்டினால் கழுத்தில் துளை போடும் பேச்சு வரும். விடைபெற வாய் இருக்கிறபோதே ஐயா சொல்லிவிட்டார். அது தற்கொலை இல்லை, திரும்பவும் சொல்கிறேன்.

"இது நம்ம பண்பாடே இல்ல" என்கிறார் ஒருவர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டதை, புறநானூறு பாடுகிறது. இங்கிருந்து தொலைவில்லாத செஞ்சிக்குப் பக்கத்தில், திருநாதர்குன்றுப் பாறையில், சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டது வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஐயா செய்தது அதுவும் இல்லை. அவர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார், சாயங்காலம் கெடிலக்கரையில் நடக்கிறார். ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். அதை அவர் கேட்கவும் இல்லை. நோய் எதுவும் இல்லாதபோதும் சாகவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தாள் இல்லை. அவர்கள் இன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேச வேண்டும்.

"சொத்துக்காகப் பிள்ளைங்களே எழுதி வாங்கிடுவாங்க." இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சொத்தில் பங்குள்ளவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் எழுதுங்கள் என்கிறேன். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். தாளைக் காட்டிய உடனே யாரும் குழாயைப் பிடுங்குவதும் இல்லை. சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து வேறு மூன்று பேர், அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர். தாளில் நாம் பெயர் எழுதியவரின் சம்மதம் வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். இத்தனைக்கும் பிறகும் "பிள்ளைங்க கொன்னுடுவாங்க" என்றால், அந்தப் பிள்ளைகள் இந்தத் தாள் இல்லாமலும் நல்லவர்கள் இல்லை.

உண்மையில் தாள் தோற்பது வேறு இடத்தில். "சும்மா இழுத்தடிக்காதீங்க" என்று எழுதினால் பயனில்லை. வாசகம் தெளிவாக இல்லையென்றால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தாது. வெண்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அமுக்கி உயிர்ப்பித்தல், கழுத்துத் துளை, மூக்குக்குழாய் உணவு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்த நிலையில் வேண்டாம் என்று எழுத வேண்டும். வலி மருந்து மட்டும் எந்த நிலையிலும் வேண்டும் என்பதையும் சேருங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அடுத்தது, பீரோ. கடலூரில் ராத்திரி மூச்சுத்திணறல் வந்து, ஆம்புலன்ஸ் முள்ளோடை எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விடும். தாள் இங்கே பட்டுப்புடவைக்கு அடியில் பூட்டிக் கிடக்கும். மாநில எல்லை தாண்டினாலும் அது செல்லும், ஆனால் கையில் இருந்தால்தானே? ஆதார் அட்டையோடு ஒரு நகல் வையுங்கள், போனில் ஒரு படம் வையுங்கள்.

இவரைத் தற்கொலைக்காரர் என்கிற இதே சொந்தங்கள் நாளைக்கு என்ன செய்வார்கள்? வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை மெஷினில் வையுங்கள் என்பார்கள். அவன் வந்து முகம் பார்த்ததும், மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போடுவார்கள். ஆம்புலன்சில் ஒருவர் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே வர, வீட்டு வாசலில் குழாயை உருவுவார்கள். மார்ஃபின் கிடையாது, சளி உறிஞ்சும் கருவி கிடையாது, நர்ஸ் கிடையாது. அரைமணியோ அரைநாளோ, மூச்சுக்குத் திணறுகிற அந்த உடம்பைச் சுற்றி நின்று "ஏதாவது சொல்லுப்பா" என்று அழுவார்கள்.

ஐயா அதைத்தான் முன்னாடியே சொல்லிவிட்டார். மைக் பிடித்து, நிமிர்ந்து நின்று, தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு. அந்தத் தம்பி மண்டபத்துக்குள் வரவில்லை, வாசலோடு போய்விட்டார் என்கிறார்கள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். முடிந்தால் யாராவது அவருக்கு அந்த வீடியோவைக் காட்டுங்கள்.