அண்டிப்பருப்பும் அம்மாவின் சுகரும்

என் அம்மா எங்கள் ஊரிலிருந்த ஓர் அண்டி ஆபீஸில் 26 ஆண்டுகள் கொட்டை உடைத்தவர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரி ஆலைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாக மேற்குப் பகுதியில், அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொசுக்காமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு காலையில் உட்காருவார். மாலையில் வாசலில் மடியை உதறிக் காட்டிய பிறகே வெளியே விடுவார்கள் என்பதால், அத்தனை ஆண்டுகளில் ஒரு பருப்புகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. 52ஆவது வயதில் அவருக்குச் சுகர் இருப்பது தெரியவந்தது.

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வளைகுடாவிலிருக்கும் உறவினர் ஒருவர், தினமும் ஒரு கைப்பிடி முந்திரி தின்றால் சுகர் அண்டாது என்றொரு செய்தியை அனுப்பியிருந்தார். அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "உள்ளதா மக்களே?" என்று, அதாவது உண்மைதானா என்று, கேட்டார். பாதி உள்ளது என்றேன். மீதிப் பாதியை விளக்கத்தான் இந்த நீண்ட பதிவு.

உள்ள பாதி இது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில், 83,818 செவிலியர்களைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளியானது. வாரத்தில் ஐந்து முறையோ அதற்கு மேலோ கொட்டைப் பருப்புகளைத் தின்ற பெண்களுக்கு, அவற்றை அநேகமாகத் தொடாதவர்களைவிட, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு முறை என்பது ஏறத்தாழ 28 கிராம். வாட்ஸ்அப் செய்திகள் இந்த 27ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன. அந்த ஆய்வில் பதினாறு ஆண்டுகளில் நோய் கண்டவர்கள் 3,206 பேர். அதாவது நூற்றுக்கு நான்கு பேருக்கும் சற்றுக் குறைவு. அந்த நான்கில் 27 விழுக்காடு குறைந்தால் கிடைப்பது ஏறக்குறைய மூன்று. நூறு பேரில் ஒருவர் தப்பிப்பது சிறிய செய்தியன்று. ஆனால் "அண்டாது" என்ற சொல்லுக்கும் அதற்கும் வெகுதூரம்.

மேலும், கொட்டைப் பருப்பு தின்கிறவர்கள் பொதுவாக உடற்பயிற்சி செய்கிறவர்களாகவும் காய்கறி கூடுதலாக உண்பவர்களாகவும் இருப்பார்கள். அதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் முடிவு சொல்கிறார்கள் என்றாலும், முழுவதும் கழிந்துவிட்டதா என்ற ஐயம் இவ்வகை ஆய்வுகளில் எப்போதும் எஞ்சி நிற்கும். 2010இல் வெளியான, அமெரிக்க ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்த ஆய்வில் இத்தகைய பயன் தென்படவே இல்லை. ஸ்பெயின் நாட்டில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், ஆலிவ் எண்ணெய் கொடுக்கப்பட்ட சாராரிடம் நீரிழிவு தெளிவாகக் குறைந்தது. கொட்டைப் பருப்பு சாராரிடமும் குறைவு தெரிந்தது, ஆனால் அது தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை.

அம்மாவுக்கு நோய் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதால் அவருடைய கேள்வியே வேறு. அதற்கு மிக அருகில் வரும் விடை சென்னையிலிருந்து கிடைக்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 300 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு வழக்கமான நீரிழிவு உணவோடு நாளொன்றுக்கு 30 கிராம் வறுக்காத, உப்பிடாத முந்திரியைப் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் கூடியது, இரத்த அழுத்தத்தின் மேல் எண் குறைந்தது, உடல் எடை ஏறவில்லை. சர்க்கரை அளவில் மட்டும் இரு சாராருக்கும் இடையே வேறுபாடு இல்லை. ஆக, முந்திரி சுகருக்கு மருந்தன்று. சுகர்காரர் தொடக்கூடாத நஞ்சுமன்று. இந்த இரண்டாவது செய்தியை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை.

டில்லியில் நீரிழிவின் விளிம்பிலிருந்த 60 பேரில் பாதியினருக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அரை மணிநேரம் முன்பு 20 கிராம் பாதாம் கொடுத்துப் பார்த்தபோது, மூன்று மாதங்களில் அவர்களில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானோர் இயல்பு நிலைக்குத் திரும்பினர் என்பது 2023இல் செய்தித்தாள்களில் வந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியாவின் பாதாம் வாரியம் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முடிவு பொய் என்று நான் சொல்லவில்லை; விற்பவர் காசில் நடந்ததற்கு இன்னொரு முறை சோதனை வேண்டும் என்கிறேன்.

என் கருத்து என்னவென்றால், பருப்பு எதற்குப் பதிலாக வாய்க்குள் போகிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயமும் அடங்கியிருக்கிறது. பருப்பில் நிறைவுறாக் கொழுப்பும் நாரும் மக்னீசியமும் இருக்கின்றன. மாவுச்சத்து குறைவு என்பதால் இரத்தத்தில் சர்க்கரையை அது மெதுவாகவே ஏற்றும். மாலை நான்கு மணிக்குச் சாயாவோடு இரண்டு ஏத்தம்பழ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் அவற்றை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு பிடி பருப்பு தின்றால் கணக்கு நேராகும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் மதியம் உண்டு, பஜ்ஜியும் தின்று, வாட்ஸ்அப் சொன்னதற்காகப் பருப்பையும் மேலே போட்டால், 30 கிராமுக்கு ஏறத்தாழ 170 கலோரி கூடுதலாக ஏறும். கூடும் எடையே நீரிழிவுக்கு வாசல் திறந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முந்திரி விளையும், உடைபடும் ஊராக இருந்தும், கடையில் அது எண்ணெயில் பொரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் ஏறியே கைக்கு வருகிறது. கப்பலண்டி, அதாவது நிலக்கடலை, வெல்லப்பாகில் மூழ்கி மிட்டாயாக வருகிறது. முந்திரிக்கொத்தைச் சொல்லவே வேண்டாம்: பெயரில்தான் முந்திரி, உள்ளே சிறுபயறும் வெல்லமும், மேலே மாவு, பிறகு எண்ணெய்ச் சட்டி. பெயரை நம்பி என் மாமா ஒருவர் அதையே சுகருக்கு நல்லது என்று ஒரு கிறிஸ்துமஸ் முழுவதும் தின்றுதீர்த்தார்.

தேங்காயும் கொட்டைதானே என்று கேட்பவர்களுக்கு: இந்த ஆய்வுகள் பேசும் பருப்பு வகையில் தேங்காய் இல்லை, அதன் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்றது. பயறு இனத்தைச் சேர்ந்த கப்பலண்டியையோ கொட்டைகளோடுதான் எண்ணுகிறார்கள். விலையைப் பார்த்தால், கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு அவித்த கப்பலண்டிதான் சரியான பதில். பாதாம் வாங்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. பூஞ்சை பிடித்ததைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பருப்பையும் வழக்கமாக்கக் கூடாது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, 30 கிராம் என்றால் எத்தனை பருப்பு என்று பார்க்கச் சமையலறைத் தராசை எடுத்தேன். அவர் பொட்டலத்திலிருந்து ஒரு பருப்பை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். "இது 320. இருபத்தொண்ணு எண்ணிப் போடு" என்றார். ஒரு பவுண்டு எடைக்கு 320 பருப்பு வரை நிற்கும் தரத்துக்கு அதுதான் பெயர். தராசு 30 கிராம் காட்டியது. அதில் பத்தை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளிவிட்டு, அன்றைய பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.